அமாவாசைக்கு எங்கள் தறி ஓடாது

என்னாங்க,

சாப்பாட்டுப் பையைத் திறந்தேன், உங்கள் வாசனை வந்தது. பூ வாசனை, சென்ட் வாசனை என்று பெருமையாக எழுத எனக்கும் ஆசைதான். வந்தது சாம்பல் வாசனை. தறியில் நூல் பிணைக்க நீங்கள் வைத்திருந்த பித்தளைச் சம்புடம் பைக்குள் மூடி கழன்றுகொண்டு, தண்ணீர் பாட்டில், துண்டு, சின்னவளின் தொப்பி என்று எல்லாவற்றின் மேலும் வறட்டிச் சாம்பலைக் கொட்டி வைத்திருக்கிறது. புளிசாதத் தூக்கு மட்டும் எப்படியோ தப்பியது. உயிரோடு இருந்தவரை சட்டைப் பையில் கொட்டிக்கொண்டு வந்து என்னைத் துவைக்க வைத்தீர்கள். போன பிறகும் விடுவதாக இல்லை.

திருமலை அடிவாரத்தில், நாம் எப்போதும் துண்டு விரிக்கும் புங்கமரத்தடியில் உட்கார்ந்து எழுதுகிறேன். பெரியவளின் ரஃப் நோட்டில் பின்பக்கம் நாலைந்து தாள் காலியாக இருந்தது. இரண்டு பெண்களும் வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டுப் பக்கத்தில் தூங்குகிறார்கள். பெரியவளுக்குப் பத்து முடிந்துவிட்டது. சின்னவளுக்கு ஆறு. நீங்கள் போய் ஒன்றரை வருஷம் ஆகிறது. இதுவரை உங்களுக்கு நான் ஒரு வரி எழுதியதில்லை, எழுதுகிற ஆளும் இல்லை. இன்றைக்கு எழுதியே ஆகவேண்டும். ஏனென்றால் உங்கள் சின்ன மகளுக்கு உங்கள் மேல் பயம் வந்துவிட்டது. அதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.

இன்றைக்கு அமாவாசை. நம் தெருவில் ஒரு தறிகூட ஓடவில்லை. காலையில் உங்கள் அண்ணன் நம் வாசலில் நின்று போட்ட சத்தம் அதனாலேயே தெருக்கோடி வரைக்கும் கேட்டிருக்கும். மற்ற நாளாக இருந்தால் தறிச் சத்தத்தில் பாதி அமுங்கிப் போயிருக்கும்.

ஊருக்கெல்லாம் ஞாயிற்றுக்கிழமை லீவு என்றால் நமக்கு அமாவாசை. கல்யாணமான புதிதில் எனக்கு அது வேடிக்கையாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தறியில் உட்கார்ந்திருப்பீர்கள், எல்லாரும் வேலை செய்கிற ஒரு செவ்வாய்க்கிழமையில் குளித்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, "கெளம்பு, ஜல்தி" என்பீர்கள். போளூர், படவேடு, செய்யாறு என்று எங்கே கிளம்பினாலும் பாதி நாள் வண்டி இந்தத் திருமலைக்குத்தான் திரும்பும். பெரியவள் முன்னால் நின்றுகொள்வாள், சின்னவள் நம் இரண்டு பேருக்கும் நடுவில் நசுங்குவாள், புளிசாதத் தூக்கு என் மடியில்.

பெரியவளைப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த பிறகுதான் சிக்கல் வந்தது. மாதாமாதம் காய்ச்சல் என்று லீவு லெட்டர் எழுதிக் கொடுத்தேன். நாலாவது மாதம் டீச்சர் என்னைக் கூப்பிட்டு, "இன்னாம்மா இது, உங்க பொண்ணுக்குக் கரெக்டா அமாவாசைக்குத்தான் காய்ச்சல் வருது? மந்திரிச்சுப் பாத்தீங்களா?" என்று கேட்டார். எனக்கு மானம் போயிற்று. நீங்கள் சிரித்துவிட்டு ஒரு தாளை எடுத்து உண்மையையே எழுதினீர்கள். "அமாவாசைக்கு எங்கள் தறி ஓடாது. மாதத்தில் இந்த ஒரு நாள்தான் பிள்ளைகளோடு நான் வெளியே போக முடியும். ஆகவே என் மகளுக்கு லீவு கொடுக்கவும். காய்ச்சல் ஒன்றும் இல்லை. திருமலை போகிறோம்." மறுநாள் டீச்சர் லட்டு எங்கே என்று கேட்டார். "அந்தத் திருமல இல்ல டீச்சர், வடமாதிமங்கலத்துக்கிட்ட கீதே, சமணர் கோயில், அந்தத் திருமல. அங்க லட்டு கெடையாது, காத்துதான்" என்றீர்கள். அதற்குப் பிறகு அவர் எதுவும் கேட்கவில்லை.

காற்றுதான். அதற்காகத்தான் நீங்களும் வந்தீர்கள். தறிக் குழிக்குள் காலை விட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருப்பவருக்கு மேலே ஏறி நிற்க ஓர் இடம் வேண்டியிருந்தது. பாறையில் வெட்டின படிகளில் பெரியவளைக் கையில் பிடித்துக்கொண்டு ஏறுவீர்கள். மேலே நேமிநாதர் சிலைக்கு முன்னால் நின்று அண்ணாந்து பார்த்து அவள், "இவரு எங்க போவறதுக்கு நின்னுகினு கீறாரு?" என்று கேட்டது ஞாபகம் இருக்கிறதா? "எங்கியும் போவல. நம்மள மாதிரி கால் மரத்துப் போச்சு போல, எழுந்து நிக்கறாரு" என்று சொன்னீர்கள். சாமியைப் பற்றி இப்படிப் பேசலாமா என்று நான் உங்கள் முதுகில் ஒன்று வைத்தேன்.

அவள் விழுந்ததும் அந்தப் படியில்தான். ஐந்து வயது. இறங்கும்போது உங்கள் கையை உதறிவிட்டு ஓடினாள். நான் சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு பின்னால் வந்துகொண்டிருந்தேன். கடைசிப் படிகளில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். வலது புருவம் கிழிந்து ரத்தம் கண்ணை மூடிவிட்டது. எனக்குக் கண் போய்விட்டது என்றே தோன்றியது. அலறினேன். நீங்கள் அலறவில்லை. மண்டிபோட்டு உட்கார்ந்து, சட்டைப் பையிலிருந்து இந்தச் சம்புடத்தை எடுத்து, சாம்பலைத் தொட்டு, கிழிந்த இரண்டு ஓரத்தையும் விரலால் சேர்த்துப் பிடித்து அப்பிவிட்டீர்கள்.

தறியில் ஒரு பாவு நூல் முடிந்து அடுத்த பாவைச் சேர்க்கும்போது, ஆயிரக்கணக்கான இழைகளையும் ஒவ்வொன்றாகச் சாம்பல் தொட்டு முறுக்கிப் பிணைக்கிற கை அது. நம் தெருவில் யார் தறியில் பாவு பிணைக்க வேண்டுமென்றாலும் உங்களைத்தான் கூப்பிடுவார்கள். அறுந்தது எதுவாக இருந்தாலும் சாம்பல் வைத்தால் ஒட்டும் என்று அந்தக் கைக்கு ஒரு எண்ணம். வேறு எந்த ஊரில் எந்த அப்பனுக்கும் அப்படித் தோன்றியிருக்காது. ரத்தம் நின்றது உண்மை. "பாத்தியா, நின்னுடிச்சு" என்று என்னைப் பார்த்துப் பெருமை வேறு பட்டுக்கொண்டீர்கள்.

அடிவாரத்தில் இருக்கிற சமணக் குடும்பத்து நயினார் வீட்டு அம்மா ஒரு சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்து பார்த்து, "அய்யய்யோ, சாம்பலையா வெச்சீங்க? ஜல்தியா டாக்டர்கிட்ட இட்டுகினு போங்க" என்றார். களம்பூரில் டாக்டர் உங்களைப் பிடித்து உலுக்கிவிட்டார். "சாம்பல் போட்டுத் தேய்க்க இது இன்னா ஈயச் சொம்பாய்யா?" அந்தச் சாம்பலைக் கழுவி எடுப்பதற்குள் பிள்ளை துடித்த துடிப்பை நீங்கள் பார்க்கவில்லை. வெளியே போய்ச் சுவரைப் பார்த்து நின்றுகொண்டீர்கள். மூன்று தையல். உள்ளே போனதை முழுசாக எடுக்க முடியவில்லை, கறுப்பாக நிற்கும் என்று சொல்லித்தான் அனுப்பினார். சொன்னபடியே நிற்கிறது. புருவத்துக்கு அடியில் பென்சிலால் இழுத்த மாதிரி ஒரு சாம்பல் கோடு.

வீடு வரும்வரை உங்களைத் திட்டித் தீர்த்தேன். பெண் பிள்ளை முகம், உனக்கு மூளை இருக்கிறதா என்று முதலும் கடைசியுமாக அன்றைக்குத்தான் உங்களை ஒருமையில் பேசினேன். உங்கள் அண்ணன் வந்து பார்த்துவிட்டு, "போதும்டா நீ புள்ளைங்கள இட்டுகினு ஊர் சுத்தனது. இனிமே லீவுன்னா ஊட்ல கெட" என்று தீர்ப்புச் சொன்னார். நானும் தலையாட்டினேன். அதையும் ஒத்துக்கொள்கிறேன்.

அடுத்த அமாவாசைக்குக் காலையிலேயே வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தீர்கள். எங்கே என்றேன். திருமலை என்றீர்கள். பைத்தியமா என்றேன். அப்போது சொன்னீர்கள்: "வுழுந்த எடத்த அப்பிடியே வுட்டுட்டு வந்துட்டா, அது அவளப் பாத்து சிரிச்சிகினே கெடக்கும். திரும்பப் போயி ஏறிடணும்." பெரியவள் அந்தப் படி வந்ததும் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். இறங்கும்போது நின்றுகொண்டே இறங்கினாள். அந்த ஒரு நாளில் உங்கள் மேல் இருந்த கோபம் எனக்குப் பாதி போய்விட்டது. மீதிப் பாதி இன்னும் இருக்கிறது.

பிறகு ஒரு காலையில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தறியை விட்டு எழுந்தீர்கள். ஆட்டோ வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அதைப் பற்றி எழுத எனக்கு ஒன்றும் இல்லை. முப்பத்தெட்டு வயசு போகிற வயசா?

நீங்கள் போன பிறகு சொந்தக்காரர்கள் அமாவாசையையும் எடுத்துக்கொண்டார்கள். அது இனிமேல் உங்களுக்குப் படையல் போடுகிற நாள் என்றார்கள். சரி என்று நானும் உட்கார்ந்தேன். தறி அறையில் உங்கள் படத்துக்கு முன்னால் இலை போட்டு, வடை பாயசம் வைத்து, காக்காய்க்குச் சோறு வைத்து, பிள்ளைகளைப் பாய் மேல் உட்கார வைத்து, வருகிறவர்கள் அழ அழ நானும் அழுது, சாயங்காலம் வரை வீட்டை விட்டு நகராமல் இருந்தோம். பதினாறு அமாவாசை. அதற்குள் உங்கள் தறியில் நான் உட்கார ஆரம்பித்துவிட்டேன். கல்யாணத்துக்கு முன்பே கைக்கு வந்த வேலைதானே. அமாவாசைக்கு முதல் நாள், இழை ஓட்டுகிற நாடாவை எடுத்து வைக்கும்போது மற்றவர்களுக்குச் சிரிப்பு வரும், நான் இன்னும் ஒரு முழம் நெய்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

சின்னவள்தான் ஒரு நாள் கேட்டாள். உங்கள் படத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தவள், "ஏம்மா, அப்பாவுக்கு இந்த ரூமு போரடிக்காதா?" என்றாள். உங்களுக்கா போரடிக்காது? மாதம் முழுக்க அந்த அறையில் அடைந்து கிடந்துவிட்டு ஒரு நாளுக்காகத் துடித்த ஆளை, அந்த ஒரு நாளிலும் அதே அறையில் ஆணியில் மாட்டிப் பூப்போட்டு உட்கார வைத்திருக்கிறோமே என்று அன்றைக்குத்தான் உறைத்தது.

போன அமாவாசைக்குக் கிளம்பிவிட்டேன். படையலை விடவில்லை. இலையும் சோறும் பையில் வைத்து, இதே மரத்தடியில் போட்டேன். உங்கள் வண்டி எனக்கு ஓட்ட வராது. போளூர் பஸ்ஸில் ஏறி, வடமாதிமங்கலத்தில் இறங்கி, ஷேர் ஆட்டோ. நன்றாகத்தான் போயிற்று. இறங்கி வரும்போது சின்னவள் கடைசி மூன்று படியை ஒரே தாவாகத் தாவினாள். முட்டி இரண்டும் சிராய்த்து, முகவாயில் கொஞ்சம் தோல் போயிற்று. அவ்வளவுதான். இந்த முறை என் பையில் டெட்டாலும் பஞ்சும் இருந்தன. கழுவித் துடைத்துக் கட்டினேன். அழுதாள், ஐஸ் வாங்கிக் கொடுத்தேன், நிறுத்தினாள்.

வீட்டுக்கு வந்தால் உங்கள் அண்ணன். கட்டுப் போட்ட முட்டியைப் பார்த்தார். சின்னவளைப் பக்கத்தில் இழுத்து, மிட்டாயைக் கையில் கொடுத்து, தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "ஊட்ல படைக்காம போனீங்க இல்ல? அதான் அப்பா கோச்சிகினு தள்ளி வுட்டுட்டாரு. இனிமே போவாத கண்ணு."

பிரியமாகத்தான் சொன்னார், எனக்குத் தெரியும். கண் கலங்கியிருந்தது. தம்பி போன துக்கத்துக்கு அவருக்கும் ஒரு பிடி வேண்டியிருக்கிறது. ஆனால் அவர் பிடித்துக்கொண்டது என் பிள்ளையின் முட்டியை. அன்றிலிருந்து சின்னவள் தறி அறைக்குள் வருவதில்லை. நான் நெய்யும்போது காலடியில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுகிறவள், அடுப்பங்கரையில் போய் எழுதுகிறாள். ஒரு நாள் பார்த்தால் உங்கள் படத்தின் மேல் துண்டு தொங்குகிறது. பெரியவளைக் கேட்டேன். "அவதாம்மா போடச் சொன்னா. அப்பா பாக்கறாருன்னு பயந்துகினு கீறா" என்றாள்.

அந்தத் துண்டை எடுத்து மடித்து வைத்தேன். உங்களைச் சுடுகாட்டுக்கு எடுத்துக்கொண்டு போனபோதுகூட எனக்கு இவ்வளவு கோபம் வரவில்லை. அன்றைக்கு உங்களைத்தான் கொண்டுபோனார்கள். இப்போது அவளுக்கு மிச்சம் இருந்த அப்பாவையும் கொண்டுபோகப் பார்க்கிறார்கள். அவளுடைய நாலு வயசில் போய்விட்டீர்கள். அவளுக்கு உங்களைப் பற்றி என்ன தெரியும்? வண்டியில் நசுங்கினது கொஞ்சம், சட்டையின் வாசனை கொஞ்சம். அந்தக் கொஞ்சத்தைப் பேயாக்கிவிட்டால் நான் எங்கே போய் இன்னொரு அப்பாவைக் கொண்டுவருவேன்?

இன்று காலை நடந்ததையும் கேளுங்கள். தூக்கைக் கட்டிக்கொண்டிருக்கும்போதே அண்ணன் வந்துவிட்டார்.

"அமாவாசையும் அதுவுமா பொட்டப் புள்ளைங்கள இட்டுகினு மறுபடியும் கெளம்பிட்டியா? போன மாசம் பட்டது பத்தலியா?"

"மாமா, இந்த ஊட்டுத் தறியில இப்ப யாரு உக்காந்துகினு கீறாங்க?"

"நீதான். அதுக்கு?"

"அப்ப லீவு யாருக்கு?"

அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டு, "அவன் கோச்சிக்குவான்மா" என்றார்.

"கோச்சிகினா எங்கிட்ட வந்து கேக்கட்டும் மாமா. நான் பதில் சொல்லிக்கிறேன். புள்ள முட்டிய ஏன் பேத்து வுடணும்? அவரு அப்பிடிப்பட்ட ஆளா? நீங்க தூக்கி வளத்த தம்பிதான, நீங்களே சொல்லுங்க."

அவர் பஸ் ஸ்டாண்டு வரை எங்கள் பின்னாலேயே வந்தார். சின்னவளுக்குத் தொப்பியைச் சரிசெய்துவிட்டு, "பாத்து எறங்கு" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார். பாவம்தான். ஆனால் நான் பாவம் பார்த்து நின்றால் சின்னவள் நின்றுவிடுவாள்.

கிளம்பும்போது எதற்கோ தறிப் பலகையில் கை வைத்தேன், சம்புடம் தட்டுப்பட்டது. பையில் போட்டுக்கொண்டேன். ஏன் என்று கேட்டால் தெரியாது.

இங்கே வந்து இறங்கியதும் நயினார் வீட்டு அம்மா பெரியவளின் முகத்தைப் பார்த்தார். "அன்னிக்கு சாம்பலப் பூசிகினு வந்த கொழந்தையாம்மா இது? போன மாசம் நான் ஊர்ல இல்ல. ஐயா வரலியா?" சொன்னேன். அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். சாப்பிட வாங்க, உருளைக்கிழங்கு வறுவல் கீது என்றேன், "கெழங்கு நாங்க சாப்படறதில்லம்மா, ஏறி எறங்கிட்டு வந்து புளிசாதம் குடு" என்றார். ஒவ்வொரு முறையும் இதே தப்பைச் செய்கிறேன், நீங்கள் இருந்தால் சிரித்திருப்பீர்கள்.

படிக்கட்டின் அடியில் சின்னவள் நின்றுவிட்டாள். கையை இழுத்தாலும் வரவில்லை. "அப்பா தள்ளி வுட்டுடுவாரு" என்று முனகினாள். வீட்டில் யோசித்து வைத்திருந்த பேச்சு ஒன்றுகூட வரவில்லை.

பெரியவள்தான் குனிந்து, முடியை ஒதுக்கி, வலது புருவத்தைத் தங்கையின் முகத்துக்கு நேராகக் கொண்டுபோனாள். "இத தொடு" என்றாள். சின்னவள் தொட்டாள். "நான் இதே படியிலதான் வுழுந்தேன். அப்ப இத ஒட்டனது யாரு? அப்பா. அவரு தள்ற ஆளு இல்லடி. வுழுந்தா ஒட்ற ஆளு."

அந்தக் கோட்டை எடுத்துவிடலாம், வேலூரில் ஏதோ லேசர் இருக்கிறது, பெண்ணுக்கு நாளைக்குக் கல்யாணம் காட்சி வேண்டாமா என்று எத்தனை பேர் என்னிடம் சொன்னார்கள் தெரியுமா? நானே ஒரு முறை விசாரிக்கலாமா என்று நினைத்தவள். இனிமேல் யாராவது அந்தப் புருவத்தைப் பற்றி வாய் திறக்கட்டும்.

சின்னவள் அந்தக் கோட்டை இன்னொரு முறை தடவிப் பார்த்தாள். பிறகு முட்டியைக் காட்டி, "எனக்கும் வையி" என்றாள். சம்புடத்தைத் தேடினால் பை முழுக்க நீங்கள். துண்டிலிருந்து விரலால் வழித்து, ஆறி ரோஜா நிறமாக இருந்த இரண்டு முட்டியிலும் பூசினேன். உங்களை மூளை இருக்கிறதா என்று கேட்ட அதே நான்தான். டாக்டர் பார்த்தால் பார்க்கட்டும், ஆறின காயம்தானே.

ஏறினாள். மேலே போய் அக்காவோடு காற்று வாங்கினாள். இறங்கும்போது அந்தக் கடைசி மூன்று படி வந்தது. நான் கீழே நின்றிருந்தேன். அவள் நின்றாள், கையை விரித்தாள். "அப்பா, புட்ச்சிக்கோ!" என்று கத்திக்கொண்டே தாவினாள்.

நான் பிடிக்க ஓடவில்லை. கால் பரபரத்தது, ஓடவில்லை. இரண்டு காலும் ஊன்றி இறங்கினாள், முட்டியில் சாம்பலோடு. அப்புறம் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் இலை போட ஓடினாள். காக்காய் வரவில்லை, ஒரு நாய் வந்து உங்கள் பங்கைத் தின்றுவிட்டுப் போயிற்று.

சம்புடத்தில் ஒட்டிக்கொண்டிருப்பது இரண்டு விரல் அளவு இருக்கும். வீட்டுக்குப் போய் வறட்டி சுட்டுச் சலித்து நிரப்பி வைக்கிறேன். அடுத்த மாதம் என் பாவு முடிகிறது, பிணைக்க வேண்டும். பையிலும் இது இருக்கும், டெட்டாலுக்குப் பக்கத்தில்.

நோட்டில் இன்னும் ஒரே தாள் மிச்சம். அதை டீச்சருக்கு வைத்திருக்கிறேன். இரண்டு பெண்களுக்கும் சேர்த்து ஒரே லெட்டர். அமாவாசைக்கு எங்கள் தறி ஓடாது, பிள்ளைகளோடு திருமலை போனோம், காய்ச்சல் ஒன்றும் இல்லை. வாசகம் உங்களுடையதுதான். கையெழுத்து மட்டும் இனிமேல் என்னுடையது.